அரைப்பேர்

எனக்குத் தெரிந்தவர்களில் சைக்கிள் பந்தயத்தைப் பற்றி அதிகம் பேசியவர் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சைக்கிளில் ஏறியதில்லை. டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அவர் செக்ரோல் கிளாக்கராக இருந்தார். தொழிலாளர்களுக்கு அன்றன்று பேர் போடுவது அவர் வேலை. தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். சொன்ன அளவு கொழுந்து பறித்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர்.

அவருடைய சொந்தப் பெயரை நான் எழுதவில்லை. பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆசிரியனாக அங்கே போய், பிறகு அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கே அதிபரானவன். இப்போது முழங்கால்கள் இரண்டும் போய்விட்டன. படுக்கையிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து படுக்கைக்கும் போவதே பிரயாணம். மிச்ச நேரமெல்லாம் யோசனை. யோசித்தால் அவர்தான் வந்து நிற்கிறார், கழுத்தில் அந்தப் பழைய மப்ளருடன், முழங்கை தேய்ந்த பச்சை ஸ்வெட்டருடன்.

பந்தயத்தை அங்கே கொண்டுவந்தவர் ஒரு சின்னத் துரை, தோட்டத்தின் உதவி மேனேஜர். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த சிங்கள இளைஞர். ஜூலை மாதத்தில் பிரான்ஸ் நாட்டைச் சுற்றி மூன்று வாரம் ஓடுகிற சைக்கிள் பந்தயத்தின் மேல் அவருக்குப் பைத்தியம். ஜூலையில் டயகமப் பக்கம் வெயிலைப் பார்க்க முடியாது. மழை, அது விட்டால் பனிப்புகார், அது விலகினால் மறுபடி மழை. அந்தச் சலிப்பில்தான் தோட்டத்து உத்தியோகத்தர்களின் ஸ்டாப் கிளப்பில் கெரம் ஆடிக்கொண்டிருந்த எங்களை அவர் இந்த ஆட்டத்தில் இழுத்துவிட்டார்.

ஆட்டம் இதுதான். பந்தயம் தொடங்குவதற்கு முன் ஒவ்வொருவரும் ஓடப்போகிற வீரர்களில் ஒன்பது பேரைப் பொறுக்கி, இது என் அணி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஒன்பது பேருக்கும் எங்களைத் தெரியாது. எங்களுக்கும் அவர்களைத் தெரியாது. ஒவ்வொரு நாள் ஓட்டத்திலும் முன்னால் வருகிறவர்களுக்குப் புள்ளி உண்டு. யாருடைய ஒன்பது பேர் அதிகம் சேர்க்கிறார்களோ அவர் வென்றவர். பரிசு எதுவும் கிடையாது. வென்றவரின் பெயர் அடுத்த ஜூலை வரை கிளப் சுவரில் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான்.

என் அணிக்கு 'வல்லை வெளி' என்று பெயர் வைத்தேன். எங்கள் ஊரில் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்துக் களைத்தவர்களுக்கு அந்த வெளியைத் தெரியும். தொழிற்சாலையைப் பார்த்துக்கொண்ட டீமேக்கர் தன் அணிக்கு 'ரோலர்' என்று வைத்தார். கிளாக்கருடையது 'பத்தாம் நம்பர் மலை'. அந்தத் தோட்டத்தில் ஆகச் செங்குத்தான மலை அது.

சின்னத் துரை அடுத்த வருடமே மாற்றலாகிப் போனார். ஆட்டம் நின்றுவிடும் என்று நினைத்தேன். நிறுத்தவிடாமல் பிடித்துக்கொண்டவர் கிளாக்கர்.

ஒபீசில் அப்போதுதான் செக்ரோல் வேலைக்கென்று கம்ப்யூட்டர் வந்திருந்தது. ஹட்டனில் ஒரு சின்னப் பயிற்சிக்குப் போய்வந்து, கட்டம் கட்டமாக இருக்கும் ஸ்பிரெட்ஷீட்டில் கணக்குப் போடப் பழகியிருந்தார். அவர் வாயில் அது 'ஷீட்டு'. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டில் அவர்களை மலைக்கு அனுப்பிவிட்டு, டெலிபோன் வழியாக இன்டர்நெட்டைப் பிடித்து முந்தின நாள் முடிவை இறக்குவார். ஒற்றை விரலால் ஒவ்வொரு பெயராகத் தட்டுவார். தட்டும்போது ராகம் போட்டு வாசிப்பார். மாலையில் கிளப்புக்கு அச்சடித்த தாளுடன் வருவார். தாளைக் கையில் தரமாட்டார். தானே வாசிக்க வேண்டும்.

"வாங்க சேர், வாங்க. இன்னிக்கு வல்லை வெளியில காத்து இல்ல. ஒங்க ஆளு மூணு பேரும் கடைசிக் கூட்டத்துல ஒண்ணா வந்துருக்கானுங்க, பெரட்டுக்கு லேட்டா வர்ற மாதிரி."

"நீர் வாசியும் காணும். வியாக்கியானம் வேண்டாம்."

"வியாக்கியானம் இல்லாட்டி இது வெறும் நம்பருங்க சேர்."

அந்த நாட்டுப் பெயர்கள் அவர் வாயில் நுழையவில்லை. தானே பெயர் வைத்தார். ஒல்லியான ஸ்பெயின்காரன் ஒருவன் 'ஈர்க்குச்சி'. எப்போதும் தனியாக முன்னே ஓடிப்போய்க் கடைசியில் பிடிபடுகிற பெல்ஜியத்துக்காரன் ஒருவன் 'அவசரக்காரன்'. பந்தயத்தில் ஓடுகிற ஒவ்வொரு கோஷ்டிக்கும் ஒரு தலைவன் உண்டு. மற்றவர்கள் அவனுக்கு முன்னால் போய்க் காற்றை மறைத்துக் கொடுப்பார்கள், தண்ணீர்ப் போத்தல் வாங்கிவந்து கொடுப்பார்கள். தலைவனுக்குக் கிளாக்கர் வைத்த பெயர் கங்காணி.

சைக்கிளைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத காலத்தில் சைக்கிளிலேயே வாழ்ந்தவன் நான். நோயாளியை, அரிசி மூட்டையை, ஒருமுறை என் தகப்பனாரின் பிரேதப் பெட்டியைக்கூடச் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோனவன்.

"நீர் ஒரு நாளாவது சைக்கிள்ல ஏறி இருக்கிறீரோ?"

"இங்க எதுக்கு சேர் ஏறணும்? ஏறினா எறங்குற எடம் ஆஸ்பத்திரி. ஆனா மலை ஏறுறது என்னன்னு எனக்குத் தெரியும். எங்க அம்மா கூடையோட ஏறுனாங்க."

இதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

ஷீட்டை அவர் வீட்டுப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டார். அப்போதெல்லாம் பிளொப்பி டிஸ்க்தான். மழைக்காலத்து ஈரத்தில் அதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். முதலில் வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். மனைவி மிளகாய்த்தூள் டப்பாவோடு சேர்த்து அதையும் எடுத்து வைத்துவிட்டாராம். அதனால் ஒரு வருடம் பந்தயத்தின் நடுவில், தொழிற்சாலையைவிடக் காய்ந்த இடம் உலகத்தில் இல்லை என்று சொல்லி டீமேக்கரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். டீமேக்கர் பாவம், நல்ல எண்ணத்தோடு அதைத் தேயிலையைக் காயவைக்கிற ட்ரையருக்குப் பக்கத்தில் வைத்தார். மறுநாள் அது நெளிந்துபோய்க் கிடந்தது.

"தம்பி, இது டிஸ்க்கா அப்பளமா?" என்று கிளாக்கர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"நீங்கதான் அண்ணே காய வைக்கச் சொன்னீங்க."

"காய வைக்கத்தான் சொன்னேன். பொரிக்கச் சொன்னேனா?"

ஒரு வாரத்துப் புள்ளி போய்விட்டது. அச்சடித்த தாள்களையும் அவர் பத்திரப்படுத்தியிருக்கவில்லை. கிளப்பில் உட்கார்ந்து ஆளுக்கு ஆள் ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல, அவர் எழுதினார். என் கணக்கை நான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "இல்ல சேர், நீங்க கொறச்சுச் சொல்றீங்க. ரெண்டாம் நாளு ஒங்க இத்தாலிக்காரன் பத்தாவதா வந்தான், மறந்துட்டீங்க" என்று எனக்கு இன்னும் கொஞ்சம் போட்டார். அவருடைய சொந்த அணி அப்போது எனக்குப் பின்னால்தான் நின்றது. அதை நான் கவனிக்காமல் இல்லை. ஆனாலும் அன்றைக்கு எனக்குள் ஓடியது நன்றி அல்ல. இந்த மனிதர் எல்லோருக்கும் அள்ளிக் கொடுக்கிறார், இதில் என்ன ஒழுங்கு இருக்கிறது என்ற எரிச்சல்தான்.

அவர் குணமே அதுதான். வந்தவன் யாராயிருந்தாலும் வெறுங்கையோடு போகக் கூடாது.

"ஏன் சேர், இந்தத் தண்ணி தூக்குறவன் காலையிலேர்ந்து மிதிக்கிறான். இவனுக்கு ஒண்ணுமே இல்லையா?"

"முன்னுக்கு வந்தால்தான் புள்ளி. அதுதான் சட்டம்."

"சட்டம் யாரு போட்டா?"

"சின்னத் துரை."

"அவருதான் மாத்தலாகிப் போய்ட்டாருங்களே."

மறுநாள் ஷீட்டில் புதிதாக ஒரு கட்ட வரிசை இருந்தது. தலைப்பில் 'அரைப்பேர்' என்று போட்டிருந்தார். விழுந்தெழும்பி வந்தவன், ஆகக் கடைசியாக வந்தவன், யாராக இருந்தாலும் அன்றைய ஓட்டத்தின் முடிவுக் கோட்டைத் தொட்டால் அரைப்புள்ளி. நான் எதிர்த்தேன். "சேர் எதிர்க்கிறாருன்னு எழுதிக்கிட்டேன்" என்றார். டீமேக்கர் விழுந்து விழுந்து சிரித்தார். கட்டம் அப்படியே இருந்தது.

அவரை நான் தெய்வமாக்கப் பார்க்கவில்லை. பேர் போடுகிற கை என்பதில் அவருக்குக் கர்வம் இருந்தது. அந்தக் கையை விரித்துக் காட்டியே பேசுவார். கும்பிடு வாங்குவதில் ஆசை. கொடுக்கிற வேகத்திலேயே திட்டவும் திட்டுவார். ஒருநாள் பள்ளிக்கூடக் காரியமாக ஒபீசுக்குப் போயிருந்தேன். நல்ல மழை. ஜன்னலுக்கு வெளியே, தலையில் கட்டிய படங்குத் துண்டிலிருந்து தண்ணீர் ஒழுக ஒழுக ஒரு பெண் நின்றாள்.

"ஐயா, ரெண்டு கிலோதாங்க கொறஞ்சிச்சு. கையெல்லாம் வெறச்சுப் போச்சுங்க."

"கை வெறச்சா கம்பெனி என்னா பண்ணும்? நாள் பூரா மலையில பராக்குப் பாத்துட்டு, இங்க வந்து பல்லக் காட்டுறியா? போ, போ."

அவள் போனதும் அவர் கம்ப்யூட்டரில் முழுப்பேராகத் தட்டினார். நான் பார்த்துக்கொண்டிருப்பதும் அவருக்குத் தெரியும்.

"மழையில நிக்கிறதே ஒரு வேலதான் சேர்" என்றார்.

நான் பார்த்தேன் என்பதை மட்டும் இங்கே எழுதி வைக்க வேண்டும். பிறகு நான் தோட்டத்து மேனேஜரான பெரிய துரையிடம் சொன்னது குருட்டாம்போக்கில் வாயில் வந்த பேச்சு அல்ல.

கடைசி வருடத்துப் பந்தயத்தில் என் அணி தொடக்கத்திலிருந்தே முன்னால் நின்றது. டீமேக்கரின் அணி பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. எனக்கு அப்போது வயது ஐம்பதுக்கு மேல். ஒரு பள்ளிக்கூடத்தின் அதிபர். கிளப் சுவரில் ஒட்டப்போகிற ஒரு தாளுக்காக நான் நித்திரை கெட்டேன் என்றால் இன்றைக்கு நம்பக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அந்த மலைக்குள் வந்து பத்துப் பன்னிரண்டு வருடங்களாகிவிட்டிருந்தன. ஊர் போரில் கிடந்தது. என்னுடையது என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. சைக்கிள் ஒன்றுதான் என்னுடையது என்று நினைத்தேன்.

கடைசிக்கு முந்தின மலை ஓட்டத்தில் டீமேக்கரின் வீரன் ஒருவன், ஏற்றம் முழுவதும் ஏறி முடித்துவிட்டு இறக்கத்தில் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தான். அம்புலன்சில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் முடிவுக் கோட்டைத் தொடவே இல்லை. கிளாக்கர் அவனுக்கும் அரைப்புள்ளி போட்டார்.

பந்தயம் முடிந்தபோது அந்த அரைப்புள்ளியால் டீமேக்கர் வென்றார்.

"உம்முடைய சட்டப்படியே பாரும். கோட்டைத் தொட்டவனுக்குத்தானே? இவன் தொட்டவனோ?" என்று கேட்டேன்.

"மலை பூராவும் ஏறிட்டான் சேர். எறக்கத்துலதான விழுந்தான். ஏறுனதுக்குப் பேர் வேணாமா?"

"அப்ப சட்டம் எதுக்கு?"

"சட்டம் ஆளுக்குத்தான் சேர், ஆளு சட்டத்துக்கு இல்ல. விடுங்க, அடுத்த வருசம் ஒங்களுக்குத்தான். டீயக் குடிங்க, ஆறுது."

டீமேக்கர்கூடச் சங்கடப்பட்டார். "அண்ணே, சேருக்கே குடுத்துருங்க. எனக்கு வேணாம்." அது எனக்கு இன்னும் பெரிய அவமானமாகப் பட்டது. தேநீரைத் தொடாமல் எழும்பி வந்தேன்.

அந்த வாரம் பள்ளிக்கூடக் கூரைக்குத் தகரம் கேட்கப் பெரிய துரையின் பங்களாவுக்குப் போனேன். அவர் மரியாதையாக உட்கார வைத்தார். தகரம் தருவதாகச் சொன்னார். பேச்சு எப்படியோ கிளப்புக்கும் ஆட்டத்துக்கும் வந்தது. நான் நடந்ததை வேடிக்கையாகச் சொல்வதுபோல் ஆங்கிலத்தில் சொன்னேன். துரை சிரித்தார். அவர் சிரித்த தைரியத்தில் ஒரு வாக்கியம் சேர்த்தேன். வேலையை முடிக்காதவனுக்கும் பேர் போடுகிற மனிதர், செக்ரோலில் என்ன செய்கிறாரோ என்றேன். துரை சிரிப்பதை நிறுத்தினார். பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார். நான் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த மழை நாளில் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குத் துரையே வந்து நின்றாராம். குடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பெண்ணின் நிறையையும் காது கொடுத்துக் கேட்டாராம். மாலையில் ஒபீசுக்கு வந்து, கிளாக்கர் தட்டியிருந்த பேர்களைத் திரையிலேயே வாசித்தாராம். வேலையை விட்டு விலகுவதாக எழுதிக் கொடு, இல்லாவிட்டால் பொலிசுக்குச் சொல்லுவேன் என்றாராம். கிளாக்கர் எழுதிக் கொடுத்துவிட்டார். தனக்கென்று ஒன்றும் எடுக்காதவர் என்பது துரைக்கும் தெரிந்துதான் இருந்தது. வேலை போனால் குவார்ட்டர்சும் போகும். கிளாக்கரின் மூன்று பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். விடுகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். மூத்தவள் வந்து வாங்கிக்கொண்டு, காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு மழை நாட்களில் அரைப்பேர்தான். ஜன்னலருகில் யாரும் நிற்பதில்லை. பள்ளிக்கூடத்துக்குத் தகரம் வந்தது. நல்ல தகரம்.

சில வருடங்கள் கழித்து, சிவனொளிபாதமலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனபோது அடிவாரத்து ஊரான நல்லதண்ணியில் அவரைக் கண்டேன். யாத்திரைக் காலத்துச் சீசன் கடை ஒன்றில் கம்பளித் தொப்பிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். தலை முழுதும் நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் குதித்து எழும்பினார்.

"சேர்! வல்லை வெளி சேர்!" கடைப் பையனை அதட்டி டீ கொண்டுவரச் சொன்னார். பிள்ளைகளுக்கெல்லாம் தொப்பி விலையைக் குறைத்தார். ஜூலையில் இன்னமும் முடிவுகளைப் பார்ப்பதாகச் சொன்னார். சேர்ந்து ஆட ஆளில்லாததால் எல்லா அணியும் அவருடையதுதானாம்.

"டீமேக்கர் வாறவரோ?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

அவர் முகம் சுருங்கிப்போனது. "அந்த ஆளப் பத்திப் பேசாதீங்க சேர். வீட்டு வாசல்ல வந்து நின்னான். மிதிக்காதன்னு சொல்லிட்டேன். எத்தன வருசம் ஒண்ணா கெரம் வெளயாண்டோம். ஒரு வார்த்த, அண்ணே கொஞ்சம் பாத்து நடந்துக்கங்கன்னு சொல்லியிருக்கலாம்ல? நேரா போய்த் தொரகிட்ட சொல்லிட்டான்."

"அவர்தான் எண்டு என்ன நிச்சயம்?"

"வேற யாரு சேர்? கொழுந்து நிறுக்கிறது ரெண்டு எடம். மலையில ஒண்ணு, பெக்டரியில ஒண்ணு. எத்தன கிலோ வந்துச்சு, எத்தன பேர் விழுந்துச்சுன்னு அவனுக்குத்தான் தெரியும். பின்ன ஒங்களுக்கா தெரியும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். பிள்ளைகள் கொஞ்சம் தள்ளித் தொப்பி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. "விடும், பழைய கதை" என்றேன். அவருக்கு அது, ஆமாம் அவன்தான் என்று நான் ஒப்புக்கொண்டதுபோல் கேட்டிருக்கும். அப்படிக் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

டீமேக்கர் இப்போது தலவாக்கலையில் மகளோடு இருக்கிறார் என்று கேள்வி. பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்கிறவர். இதையும் வாசிப்பார்.

கிளாக்கர் ஹட்டனில் மூத்த மகளின் வீட்டில் இறந்தார். சேதி கேட்டுப் போனேன். வீட்டுக்கு இறங்குகிற படிக்கட்டுக்கு மேலே, றோட்டோரத்தில், டீமேக்கர் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கிழவனாகிவிட்டிருந்தார்.

"உள்ளுக்குப் போகேல்லையோ?"

"வாசல மிதிக்காதன்னு சொன்னாரு சேர். அவரு சொன்னது சொன்னதுதானே. பிள்ளைங்களும் என்ன நெனைக்குமோ." மாலையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். "நா என்னா செஞ்சேன்னு ஒங்ககிட்ட ஏதாச்சும் சொல்லியிருக்காரா? நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். அந்தப் பந்தயத்துல நா ஜெயிச்சதுலயா கோவம்? வேணாம்னுதானே சொன்னேன்?"

"எனக்கு ஒண்டும் சொல்லேல்லை" என்றேன்.

அவர் மாலையை என்னிடம் நீட்டினார். "நீங்க போட்டுருங்க சேர். நா குடுத்தேன்னு சொல்ல வேணாம். ஒங்க மேலன்னா அவருக்கு உசிரு."

வாங்கிக்கொண்டு இறங்கினேன். மூத்த மகள் எழும்பி வழிவிட்டாள். "அப்பா எந்த நாளும் ஒங்களப் பத்தித்தான் சேர் பேசுவாரு" என்று அழுதாள். மாலையைப் போட்டேன். நான் கொண்டுவந்தது என்றுதான் அவள் நினைத்தாள்.

மேலே ஏறி வந்தபோது டீமேக்கர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"மொகம் எப்புடி சேர் இருந்துச்சு?" என்று கேட்டார்.

மாலை போடும்போது நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

"நித்திரை கொள்ளுற மாதிரி" என்றேன்.